கையிலிருக்கும் போனில் ஒரு நல்ல ரீல்: மலையகத்திலிருந்து தொடங்குகிறவர்களுக்கு

புதிதாக வீடியோ எடிட் பண்ணப் பழகும் தம்பி தங்கைகள் கேட்கும் முதல் கேள்வி எந்தச் செயலி நல்லது என்பது, அடுத்தது அந்த மின்னல் வெட்டுகிற எபெக்டை எங்கே எடுப்பது என்பது. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: ஒருத்தர் விரலால் தள்ளிவிட்டுப் போகாமல் உங்கள் வீடியோவில் நிற்கிறார் என்றால், அதில் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கிறது, அது எப்படி முடியும் என்று பார்க்க அவருக்கு ஆசை வந்துவிட்டது என்று அர்த்தம். எடிட்டிங்கில் நாம் செய்கிற அத்தனையும் அந்த ஆசையைக் கலைக்காமல் கடைசி வரை கொண்டுபோகிற வேலைதான்.

இலங்கை மலையகத்தில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. சும்மா போனைத் தூக்கினாலே படம் அழகாக வந்துவிடுகிறது. தேயிலை மலை, பனி, டெவன் நீர்வீழ்ச்சி, 1921இல் கட்டி முடித்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் என்று கண்ணுக்கு எட்டியதெல்லாம் அழகு, அதனால் அழகைக் காட்டினால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் அதே பாலத்தை அதே மேட்டில் நின்று அதே கோணத்தில் எத்தனையோ நாட்டுக்காரர்கள் வந்து எடுத்துப் போட்டுவிட்டார்கள். இன்னும் சரியாக வெளியே வராமல் கிடப்பது அந்த மலையில் வேலை செய்கிற கை, காம்பராவுக்குள் (தோட்டத்து வீட்டு அறைக்குள்) நடக்கிற காலை நேரம், நம்ம பேச்சு. அதை நம்மைப் போல வேறு யாரும் எடுக்க முடியாது.

அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே உதாரணத்தைக் கடைசி வரை கொண்டுபோகிறேன்: லயத்துக் குசினியில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுச் சமையலறையில்) விடியற்காலையில் ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்துச் சாப்பிடுகிற 30 செக்கன் வீடியோ. நீங்கள் தைக்கிற சாரி பிளவுஸாக இருக்கட்டும், ஓடருக்குச் செய்கிற பிறந்தநாள் கேக்காக இருக்கட்டும், நுவரெலியாவில் லீக்ஸ் பிடுங்குவதாக இருக்கட்டும், வழி இதேதான்.

எடுக்கும்போதே பாதி வேலை

போனை நிமிர்த்திப் பிடித்து எடுங்கள். டிக்டொக், ரீல்ஸ், ஷோர்ட்ஸ் மூன்றுக்கும் அளவு 9:16, அதாவது 1080 அகலம், 1920 உயரம். கெமரா செட்டிங்கில் 1080பி, 30 பிரேம் (செக்கனுக்கு 30 படம்) என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை விடப் பெரிய அளவான 4கே நல்லதுதானே என்று கேட்பீர்கள். ஐபோனில் 1080பி 30 பிரேமில் ஒரு நிமிடம் ஏறக்குறைய 60 எம்பி, அதே நிமிடம் 4கேயில் 170 எம்பி, 4கே 60 பிரேமில் 400 எம்பி. 64 ஜிபி போனை வைத்துக்கொண்டு, சிக்னல் பிடிக்கிற மேட்டுக்கு ஏறிப் போய் அப்லோட் பண்ணுகிறவர்களுக்கு 4கே தேவையில்லாத பாரம். ஸ்லோமோஷன் வேண்டிய ஷொட்டை மட்டும், பீலித் தண்ணீர் கொட்டுவது மாதிரியானதை, 60 பிரேமில் எடுங்கள். 60இல் எடுத்ததைப் பாதி வேகத்துக்கு இறக்கினால் வழுக்கிக்கொண்டு போகும், 30இல் எடுத்துவிட்டு இறக்கினால் விட்டு விட்டு இழுக்கும். ஐபோன் வைத்திருப்பவர்கள் வீடியோ செட்டிங்கில் எச்டிஆரை (வெளிச்சத்தையும் இருட்டையும் கூட்டிக் காட்டுகிற வசதியை) நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் எடிட் பண்ணும் செயலிக்குள் போனதும் சில நேரம் வெளிச்சம் தாறுமாறாகத் தெரியும்.

விளக்கு வெளிச்சத்தில் எடுக்கும்போது திரையில் கருப்புக் கோடுகள் மேலும் கீழும் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். போன் பழுது இல்லை. இலங்கையின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான எல்இடி பல்பும் டியூப் லைட்டும் செக்கனுக்கு 100 தடவை மினுங்குகின்றன, நம் கண் அதைப் பிடிக்காது, கெமரா பிடித்துவிடும். போனில் புரோ மோட் (செட்டிங்கை நாமே மாற்றுகிற முறை) இருந்தால் ஷட்டரை, அதாவது ஒரு பிரேமுக்கு வெளிச்சம் விழுகிற நேரத்தை, செக்கனில் 50இல் ஒன்று அல்லது 100இல் ஒன்று என்று வையுங்கள், ஐபோனில் பிஏஎல் (50 ஹெர்ட்ஸ் நாடுகளின் வீடியோ முறை) வடிவத்தைத் திறந்துவிட்டு 25 பிரேமில் எடுங்கள். இதெல்லாம் கையில் இல்லையா, பல்பை அணைத்துவிட்டு வாசல் பக்கம் வாருங்கள். லயத்துக் குசினி இருட்டு, புகை வேறு. மாவு பிசைகிற வேலையை இஸ்தோப்புக்கு (வாசல் திண்ணைக்கு) கொண்டுவந்து, வெளிச்சம் முகத்துக்கு ஒரு பக்கமாக விழுகிற மாதிரி உட்காரச் சொன்னால் அந்தப் படத்தைப் பார்த்தே ஒருத்தர் நின்றுவிடுவார். அடுப்பில் நெருப்பு எரிகிற ஷொட்டை மட்டும் உள்ளேயே எடுங்கள், அங்கே இருட்டுதான் அழகு.

பனியைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைப் பனி திரை முழுக்க இருந்தால் கெமரா மிரண்டுபோய் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், வெள்ளையாக இருக்க வேண்டியது அழுக்குச் சாம்பலாக வரும், முன்னால் நிற்கிற ஆள் கருத்துப்போவார். ஆளின் முகத்தில் விரலை வைத்து அழுத்திப் பிடியுங்கள், போகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், பக்கத்தில் வருகிற சூரியப் படத்தைச் சற்று மேலே தள்ளுங்கள். பூட்டாமல் விட்டால் பனி நகர நகர போகஸ் உள்ளே வெளியே என்று தேடிக்கொண்டே இருக்கும், அதை எந்த எடிட்டிங்கிலும் சரிபண்ண முடியாது. வெளிக் குளிரிலிருந்து அடுப்படிக்குள் நுழைந்ததும் லென்ஸில் ஆவி படியும். துடைத்தால் திரும்பப் படியும், போன் சூடாகும் வரை கொஞ்சம் பொறுங்கள்.

காலநிலையையும் கணக்கில் எடுங்கள். ஜூன், ஜூலையில் ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட் பக்கம் மழை விடாது, அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் வெயிலும் காற்றும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை மேற்குப் பக்கத்து மலைகளில் காலை வெளிச்சம் தெளிவாக இருக்கும்.

இப்போது ரொட்டி. இதற்கு என்னென்ன ஷொட் வேண்டும் என்று முதலிலேயே ஒரு தாளில் எழுதுங்கள்: தேங்காய் துருவும் கை, மாவில் தண்ணீர் ஊற்றுவது, பிசைவது, உருண்டை பிடிப்பது, ரொட்டி தட்டுவது, சூடான கல்லில் போடுவது, திருப்புவது, அம்மியில் செத்தல் மிளகாய் அரைபடுவது, ரொட்டியைப் பிய்ப்பது, முதல் வாய் சாப்பிடுகிறவரின் முகம். ஒவ்வொன்றையும் ஆறேழு செக்கன், கையை ஆட்டாமல், சூம் பண்ணாமல் எடுங்கள். முக்கியமான வேலைகளை மட்டும், குறிப்பாகத் தட்டுவதையும் திருப்புவதையும், இரண்டு தடவை எடுங்கள், ஒரு தடவை எட்ட நின்று ஆளோடு சேர்த்து, ஒரு தடவை கையை மட்டும் கிட்டத்தில். அம்மாவோ அக்காவோ ரொட்டி தட்டும்போது இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் அது சுழன்று விரிகிறதே, ஓரத்தைப் பெருவிரல் அழுத்திச் சரிபண்ணுகிறதே, அந்த நாலு செக்கன்தான் முழு வீடியோவின் உயிர். அதற்குப் பக்கத்தில் போய் எடுங்கள்.

கேட்டுவிட்டு எடுங்கள். வீட்டு ஆளாக இருந்தாலும் சரி, மலையில் கொழுந்து எடுக்கிற அம்மாவாக இருந்தாலும் சரி. வேலைக்கு நடுவில், களைத்துப்போன முகத்தோடு, கிழிந்த சாக்கைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது யாரோ படம் எடுத்து ஊருக்குக் காட்டுவது அவர்களுக்குப் பிடிக்குமா என்று நாம்தான் யோசிக்க வேண்டும். எடுத்ததை அவர்களிடம் காட்டுங்கள், வேண்டாம் என்றால் அங்கேயே அழியுங்கள். சின்னப் பிள்ளைகளின் முகமும் பாடசாலைப் பெயரும் ஒன்றாகத் தெரிகிற ஷொட் வேண்டாம். ரயில் பாதையில் இறங்கி எடுப்பதும் வேண்டவே வேண்டாம், இலங்கையில் அதில் நடப்பதே சட்டப்படி குற்றம், படம் எடுக்கப் போய் உயிரை விட்டவர்களும் இருக்கிறார்கள்.

எந்தச் செயலி

கேப்கட், வி.என்., இன்ஷொட், மெட்டா நிறுவனம் 2025இல் வெளியிட்ட எடிட்ஸ், இவற்றில் எதுவும் போதும். இன்ஷொட்டில் இலவசமாக எடுத்தால் வாட்டர்மார்க் (செயலியின் பெயர் அடையாளம்) விழும், விளம்பரம் பார்த்து நீக்கலாம். கேப்கட் கடைசியில் தன் பெயரோடு ஒரு துண்டைச் சேர்க்கும், அதைத் தொட்டு டிலீட் பண்ணிவிடுங்கள். அதில் பல வசதிகள் இப்போது காசுக்குத்தான். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் வி.என். என்றுதான் சொல்வேன், வாட்டர்மார்க் இல்லை, தமிழ் எழுத்துருவை நாமே உள்ளே போடலாம், அந்த இரண்டும் நமக்கு முக்கியம். ஒன்றை எடுத்தால் அதிலேயே சில மாதம் இருங்கள், மாறி மாறிப் போனால் கை பழகாது.

வெட்டு

எல்லா ஷொட்டையும் டைம்லைனில் (துண்டுகளை வரிசையாக அடுக்குகிற பட்டையில்) கொண்டுவந்து போட்டதும் ஒரு நிமிடத்துக்கும் மேலே வரும். அதை 30 செக்கனுக்குக் கொண்டுவர வேண்டும். முதல் சுற்றில் ஒவ்வொரு துண்டிலும் வேலை தொடங்குவதற்கு முன்னால் உள்ளதையும், முடிந்த பிறகு உள்ளதையும் வெட்டுங்கள். டைம்லைனில் நிற்கிற வெள்ளைக் கோட்டை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் ஸ்பிளிட்டை அழுத்தி, வேண்டாத பக்கத்தைத் தொட்டு டிலீட், அவ்வளவுதான் செய்முறை. கை கோப்பையை நோக்கிப் போவது வேண்டாம், தண்ணீர் மாவில் விழுவதிலிருந்து தொடங்குங்கள். இந்த ஒரு சுற்றிலேயே பாதி நீளம் கழிந்துவிடும்.

இரண்டாவது சுற்றில் முதல் படத்தைத் தேடுங்கள். பழகாதவர்கள் நடந்த வரிசையிலேயே அடுக்குவார்கள், மலைக் காட்சி, வீடு, "வணக்கம் நண்பர்களே", பிறகு மாவு. மாவு வருவதற்குள் பார்க்கிறவர் இரண்டு வீடியோ தாண்டிப் போயிருப்பார். முதல் இரண்டு செக்கனில் அசைவும் கேள்வியும் இருக்க வேண்டும். ரொட்டி கல்லில் விழுந்து ஓரத்தில் புகை கிளம்புகிறது, விரல் நுனியால் அதைத் திருப்பப் போகிறார், திருப்புவதற்கு ஒரு கணம் முன்னால் வெட்டுங்கள். அடுத்த படம் தேங்காய் துருவுவது. திருப்பின பக்கம் எப்படி வெந்திருக்கிறது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது, அதற்காகவே இருபது செக்கன் கூட வருவார். சாப்பிடுகிற முகத்தை முன்னால் காட்டிவிடாதீர்கள், அது கடைசிக்கு.

மூன்றாவது சுற்று நுணுக்கமானது, எடிட்டிங்கின் சுவையே இதில்தான். எட்ட நின்று எடுத்த ஷொட்டில் அம்மா கையை ஓங்குகிறார், கிட்டத்தில் எடுத்த ஷொட்டில் கை மாவின் மேல் விழுகிறது. கை மேலே இருக்கும்போது முதல் ஷொட்டை வெட்டி, கை இறங்கத் தொடங்கும் இடத்திலிருந்து இரண்டாவதை ஒட்டினால், வெட்டு இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. அசைவின் நடுவில் வெட்ட வேண்டும் என்பது இதுதான். அசைவு முடிந்து கை நின்ற பிறகு வெட்டினால் ஒவ்வொரு வெட்டும் கண்ணில் இடிக்கும். டைம்லைனை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி, ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள், இரண்டு பிரேம் முன்னே பின்னே போனாலே வித்தியாசம் தெரியும்.

ஒவ்வொரு ஷொட்டும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று கேட்டால் ஒரே அளவு சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் ஒரு செக்கன் ஒரு செக்கனாக வெட்டினால் பார்க்கிறவர் களைத்துப்போவார். தேங்காய், தண்ணீர், உப்பு எல்லாம் ஒரு செக்கனில் ஓடட்டும், தட்டுகிற கைக்கு நாலு செக்கன் கொடுங்கள், திரும்ப அம்மியை வேகமாக இரண்டு துண்டில் முடியுங்கள், கடைசி முகத்துக்கு மூன்று செக்கன். வேகமாக ஓடிவந்து ஓரிடத்தில் நின்றால்தான் நிற்பது தெரியும். ஷொட்டுக்கு ஷொட் நடுவில் சுழலுவது, பக்கம் புரளுவது, முதலில் சொன்ன அந்த மின்னல் வெட்டு மாதிரியான ட்ரான்ஸிஷன் எதுவும் போடாதீர்கள். நல்ல வெட்டுக்கு அது தேவையில்லை, மோசமான வெட்டை அது மறைக்காது.

முடிந்ததும் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒரு தடவை பாருங்கள். சத்தமே இல்லாமல் என்ன நடக்கிறது என்று புரிந்தால் வெட்டு சரி.

சத்தம்

நம் ஊர் வீடியோக்களில் அதிகம் வீணாகிறது சத்தம்தான். எடுத்ததும் ஒரிஜினல் ஓடியோவை மியூட் பண்ணிவிட்டு, அந்த வாரம் எல்லாரும் போடுகிற பாட்டைப் போட்டுவிடுகிறோம். ரொட்டி தட்டுகிற சத்தம், கல்லில் போட்டதும் வருகிற சீறல், அம்மிக் குழவி உருளுவது, வெளியில் யாரோ கூப்பிடுவது, இதெல்லாம் போனால் படத்தில் சூடு இருக்காது. அந்தச் சத்தங்களை வைத்துக்கொண்டு, பாட்டு வேண்டுமென்றால் அதன் அளவை நூற்றுக்குப் பதினைந்து, இருபது என்று இறக்கி அடியில் ஓடவிடுங்கள்.

ஒரு நல்ல வித்தை: சத்தத்தைப் படத்துக்கு முன்னால் கொண்டுவருவது. தேங்காய் துருவும் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தட்டுகிற சத்தம் காதில் விழ வேண்டும், அரைச் செக்கன் கழித்துத் தட்டுகிற கை வர வேண்டும். தட்டுகிற துண்டைத் தொட்டு, ஓடியோவைப் பிரித்தெடுக்கும் வசதியை அழுத்தினால் சத்தம் தனிக் கோடாகக் கீழே வரும். அதன் முன் ஓரத்தை இடது பக்கம் இழுத்து நீட்டினால் போதும். இதற்காகத்தான் அந்தத் துண்டின் முன்பக்கத்தில் கொஞ்சம் தட்டுகிற சத்தம் மிச்சம் இருக்க வேண்டும். இதைச் செய்தால் வெட்டுகள் தனித்தனியாக நிற்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

காற்று பெரிய தொல்லை, முக்கியமாக ஊவாப் பக்கம் கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில். போனின் மைக் ஓட்டை காற்றைப் பார்க்காத மாதிரி உங்கள் உடம்பை நடுவில் வைத்து நில்லுங்கள், இயர்போன் மைக்கில் பேசுவதானால் அதன் மேல் சின்ன ஸ்பொஞ்ச் துண்டு ஒன்றைச் சுற்றுங்கள். மலை மேட்டில் நின்று பேசுவதை விட, அங்கே படத்தை மட்டும் எடுத்துவிட்டு, பேச்சை வீட்டில் வந்து தனியாகப் பதிவு பண்ணுவது எப்போதும் நல்லது. காம்பராவில் சுவர் எதிரொலிக்கும், கூரை தகரம் என்றால் தூறலுக்கே ஒன்றும் கேட்காது. மழை விட்ட நேரமாகப் பார்த்து, கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பேசுங்கள். வேடிக்கையாகத் தெரிந்தாலும் குரல் ஸ்டூடியோவில் பேசின மாதிரிச் சுத்தமாக வரும்.

பேசும்போது உங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுங்கள். நம் பிள்ளைகள் பலர் மைக்கைப் பார்த்ததும் செய்தி வாசிக்கிறவர் குரலுக்கு மாறிவிடுகிறார்கள், இல்லாவிட்டால் சென்னை யூடியூபர் மாதிரிப் பேசுகிறார்கள். தோட்டத்துப் பேச்சு குறைவான பேச்சு என்று யாரோ நம் தலையில் ஏற்றிவிட்ட எண்ணம் அது. "அம்மா மலைக்குப் போக முந்தி சாயத்தண்ணி குடிச்சிட்டு நாலு ரொட்டி தட்டிருவாங்க" என்று இயல்பாக ஒரு வரி சொன்னால், கொழும்பில் கடையில் வேலை செய்கிற நம் பையனும், சவூதியில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிற அக்காவும் அந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். அந்தக் குரலை மாற்றிவிட்டால் அவர்கள் ஏன் நிற்க வேண்டும்?

திருவிழாவிலோ காமன் கூத்திலோ தப்பு மேளம் அடிப்பதை எடுக்கிறவர்கள் பக்கத்தில் போகாதீர்கள், போன் மைக் தாங்காமல் சத்தம் உடைந்துவிடும், உடைந்ததைத் திருத்த வழியில்லை. பத்துப் பதினைந்து அடி தள்ளி நின்று எடுங்கள். அந்த ஓடியோவை டைம்லைனில் போட்டால் ஒவ்வொரு அடியும் கூரான மேடாகத் தெரியும், அந்த மேடுகளில் வெட்டை வையுங்கள், எந்தப் பாட்டும் தேவைப்படாது.

பாட்டு போடுவதானால் அந்தந்தத் தளத்தின் இசைப் பட்டியலிலிருந்தே எடுங்கள். வியாபாரக் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு டிக்டொக்கிலும் இன்ஸ்டகிராமிலும் சினிமாப் பாட்டுகள் பெரும்பாலும் கிடைக்காது, வர்த்தகத்துக்கு அனுமதித்த இசைதான் கிடைக்கும். யூடியூப் ஷோர்ட்ஸ் 2024 ஒக்டோபரிலிருந்து மூன்று நிமிடம் வரை போகலாம், ஆனால் ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷோர்ட்ஸில் உரிமை கோரப்பட்ட பாட்டு இருந்தால் வீடியோவையே முடக்கிவிடுவார்கள்.

தமிழ் எழுத்து

பலர் சத்தமில்லாமல் பார்ப்பார்கள், அதனால் எழுத்து வேண்டும். செயலியில் இருக்கிற அலங்கார எழுத்துருக்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்கு மட்டுமானவை, அதில் தமிழ் அடித்தால் போனின் சாதாரண எழுத்துதான் வரும். கூகுள் பொன்ட்ஸ் தளத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ், பலூ தம்பி 2, முக்த மலர் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. பைலை இறக்கி, சிப் (.zip) என்றால் விரித்து, உள்ளே இருக்கிற டிடிஎஃப் (.ttf) பைலைச் செயலியின் எழுத்துருப் பகுதியில் சேருங்கள். தலைப்புக்குத் தடித்த பலூ தம்பி நன்றாக இருக்கும், சின்னத் திரையிலும் படிக்கலாம்.

கடையில் அச்சடித்த நோட்டீஸிலிருந்தோ பழைய கணினியிலிருந்தோ வந்த தமிழை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிகிறதா, அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. இலங்கையில் இன்னும் நிறையப் பேர் அதில்தான் அடிக்கிறார்கள். இணையத்தில் பாமினியை யுனிகோடாக (இன்றைய போன்கள் படிக்கிற முறைக்கு) மாற்றும் பக்கங்கள் இருக்கின்றன, அதில் போட்டு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். இன்னொன்று, எழுத்து ஒவ்வொன்றாகத் தட்டச்சாகி வருகிற அசைவைத் தமிழுக்குப் போடாதீர்கள். சில செயலிகள் "கொ" என்பதைப் பிய்த்து, கொம்பை ஒரு நேரமும் துணைக்காலை ஒரு நேரமும் காட்டும், பார்க்கவே கஷ்டமாக இருக்கும். முழு வரியும் ஒன்றாகத் தோன்றி மறைவதை எடுங்கள்.

தமிழ்ச் சொற்கள் நீளம். ஒரு தடவைக்கு நாலைந்து சொல், இரண்டு வரி, அதற்கு மேல் வேண்டாம். ஒரு வரி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்றால், நீங்கள் அதை வாய்விட்டு நிதானமாக இரண்டு தடவை படிக்கிற நேரம். வெள்ளை எழுத்து பனியில் கரைந்துவிடும், கருப்பு ஓரம் கொடுங்கள் அல்லது பின்னால் மங்கலான பட்டை வையுங்கள். திரையின் வலது ஓரத்தில் லைக், கொமென்ட் பட்டன்கள் வரும், கீழே உங்கள் பெயரும் விபரமும் வரும், அதனால் எழுத்தை நடுவுக்குச் சற்று மேலே வையுங்கள். வியாபார வீடியோ என்றால் கீழே சிங்களத்தில் சின்னதாக ஒரு வரியும் சேருங்கள், டவுனில் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் தமிழ் படிப்பவர்கள் இல்லை. வெளியிடுவதற்கு முன்னால் வேறு ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள், நாம் எழுதினதில் ல, ள, ழ பிழை நம் கண்ணுக்குத் தெரியாது.

நிறம்

பில்டரைத் தொடுவதற்கு முன்னால் வெளிச்சம், கொன்ட்ராஸ்ட் இரண்டையும் கொஞ்சமாகச் சரிபண்ணுங்கள், எல்லா ஷொட்டும் ஒரே நாளில் எடுத்த மாதிரித் தெரிந்தால் போதும். தேயிலைப் பச்சை ஏற்கெனவே அடர்த்தி, சச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தியை) ஏற்றினால் பெயின்ட் அடித்த மாதிரி ஆகிவிடும். எச்எஸ்எல் என்று, நிறங்களைத் தனித்தனியாக மாற்றுகிற ஒரு இடம் இருக்கும், அதில் பச்சையை மட்டும் எடுத்து அடர்த்தியைச் சற்று இறக்கினால் மலை இயல்பாக நிற்கும், முகத்தின் நிறமும் மாறாது. பனியைத் தெளிவாக்கப் போகாதீர்கள், பனி பனியாகவே இருக்கட்டும்.

முகத்தை வெள்ளையாக்குகிற பியூட்டி பில்டரை அடியோடு நிறுத்துங்கள். சில போன்களில் கெமராவைத் திறந்தாலே அது போட்டபடி இருக்கும், செட்டிங்கில் போய் அணையுங்கள். வெயிலில் மலை ஏறி இறங்குகிற நம் அம்மாமாருடைய நிறத்தை அழித்துவிட்டு அவர்களைப் பற்றி வீடியோ போடுவதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. அந்த நிறம் சரியாக வர வேண்டுமென்றால் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள், அவ்வளவுதான்.

எக்ஸ்போர்ட், அப்லோட்

1080பி, எடுத்த அதே பிரேம் அளவு. 30இல் எடுத்ததை 60 என்று எக்ஸ்போர்ட் பண்ணினால் பைல் பெரிதாகுமே தவிர வீடியோ நன்றாகாது. எக்ஸ்போர்ட் ஆன பைலை நண்பருக்கு அனுப்பி அவர் போனிலிருந்து அப்லோட் பண்ணுவதானால், வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாதீர்கள், நசுக்கி அனுப்பிவிடும். டொகியுமென்ட் என்று தெரிவுசெய்து அனுப்பினால் அப்படியே போகும். இரவு டேட்டா இருக்கிற பெக்கேஜ் போட்டிருப்பவர்கள் நள்ளிரவுக்குப் பிறகு யூடியூபில் பிரைவேட் (வேறு யாருக்கும் தெரியாது) என்று ஏற்றிவைத்துவிட்டு, ஆட்கள் பார்க்கிற நேரத்தில் வெளியிடலாம். தோட்டத்து ஆட்களைக் குறிவைத்தால் வேலை விட்டு வீட்டுக்கு வந்து, சமையல் முடிந்து, போனை எடுக்கிற இரவு நேரம்.

டிக்டொக்கில் வெளியிட்டதை அங்கிருந்து இறக்கி, அதன் அடையாளம் ஆடிக்கொண்டிருக்க அப்படியே இன்ஸ்டகிராமில் போடாதீர்கள். வேறு தளத்தின் வாட்டர்மார்க் தெரிகிற ரீலைப் புதியவர்களுக்குக் காட்டுவதைக் குறைப்போம் என்று இன்ஸ்டகிராமே சொல்லியிருக்கிறது. செயலியிலிருந்து எக்ஸ்போர்ட் பண்ணின சுத்தமான பைலையே ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாக ஏற்றுங்கள். ஹேஷ்டேக் மூன்று நாலு போதும், ஊர்ப் பெயரைக் கட்டாயம் போடுங்கள், பொகவந்தலாவ என்றோ லிந்துலை என்றோ தேடுகிற ஊர்க்காரர்கள் இருக்கிறார்கள்.

வெளியிட்டு முடிந்ததும் ஒரிஜினல் ஷொட்களை உடனே அழிக்காதீர்கள். மெமரி கார்டுக்கு மாற்றிவிட்டு, செயலியின் கேஷை (தற்காலிக பைல்களை) மட்டும் துடையுங்கள், போனில் இடம் வரும்.

இரண்டு மூன்று நாள் கழித்து யூடியூப் ஸ்டூடியோவிலோ இன்ஸ்டகிராம் இன்சைட்ஸிலோ அந்த வீடியோவைத் திறந்தால், எந்தச் செக்கனில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒரு கோடு காட்டும். மொத்த வியூஸை விட எனக்கு அந்தக் கோடுதான் முக்கியம். கோடு சடாரென்று விழுகிற செக்கனைக் குறித்துக்கொண்டு, எடிட்டைத் திறந்து அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அங்கே நீளமாக விட்ட ஒரு ஷொட் இருக்கும், இல்லாவிட்டால் ரொட்டி வேகும் வரை காத்திருக்கிற நேரம் வெட்டப்படாமல் கிடக்கும், இல்லாவிட்டால் படிக்க முடியாத மூன்று வரி எழுத்து இருக்கும். அடுத்த வீடியோவுக்கு ஷொட் தாள் எழுதும்போது அந்த ஒன்றை மட்டும் முதல் வரியில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.